பழைய மடிக்கணினியில் திக்கும் காணொளி: லினக்ஸில் எங்கே பார்ப்பது, எதைத் தொடுவது

காணொளி திக்கினால் வீட்டில் முதல் பழி இணைய இணைப்பின் மீதுதான் விழுகிறது. ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், சிம் கார்டை மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணமும் கட்டிவிடுவார்கள். உறவினர், நண்பர் என்று பலருடைய பழைய மடிக்கணினிகளில் லினக்ஸைச் சீர்செய்து கொடுத்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் இணைப்பு நன்றாகவே இருந்தது. சுருக்கி அனுப்பப்பட்ட காணொளியைப் பிரித்துப் படமாக்கும் வேலையைக் கணினிக்குள் யார் செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருந்தது.

அண்மையில் பார்த்தது அக்கா மகனுடைய கணினி. இன்டெல் ஐ5-3320எம், 2012-ஆம் ஆண்டின் ஐவி பிரிட்ஜ் தலைமுறை. எட்டு ஜிபி ரேம், 1366×768 திரை, லினக்ஸ் வழங்கல் டெபியன் 12, மேசைச் சூழல் எக்ஸ்எஃப்சிஇ. பொறியியல் படிக்கும் அவன் அதில் முக்கியமாகப் பார்ப்பது என்பிடெல் தரும் இணைய விரிவுரைகள். பேராசிரியரின் குரல் தடையில்லாமல் வருகிறது, கை மட்டும் கரும்பலகையில் விட்டு விட்டு நகர்கிறது என்றான். இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா மாமா என்றும் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. ஒரு விரிவுரையைப் பார்ப்பதற்காக நல்ல கணினி ஒன்றைக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குரல் சரியாக வந்து படம் மட்டும் திக்குகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் குரலும் நிற்கும், நடுவில் வட்டம் சுழலும். கணினி திணறும்போது உலாவி குரலை விடாமல் ஓட்டிக்கொண்டு, நேரத்துக்குத் தயாராகாத படங்களைக் கைவிட்டுவிடும். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று ஆகாமலிருக்க அது அப்படித்தான் செய்தாக வேண்டும். ஆகவே யார் என்னிடம் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: குரலும் நிற்கிறதா, படம் மட்டும் நிற்கிறதா?

அடுத்து ஊகத்தை விட்டுவிட்டு எண்களைப் பார்க்க வேண்டும். யூடியூப் காணொளியின் மீது வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் கறுப்புக் கட்டம் ஒன்று வரும். அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, கைவிடப்பட்ட ஃபிரேம்களின், அதாவது காணொளியின் தனித்தனிப் படங்களின், எண்ணிக்கை. இரண்டாவது, முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் காணொளி எத்தனை விநாடி என்பது. மூன்றாவது, கோடெக் வரி, அதாவது காணொளி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது. அக்கா மகனின் கணினியில் முன்சேமிப்பு நாற்பது விநாடிக்கு மேல் நிறைந்து கிடந்தது. கைவிடப்பட்ட ஃபிரேம்களோ கண் முன்னால் ஏறிக்கொண்டே போயின. கோடெக் வரியில் விபி9 என்று இருந்தது. இந்த ஒரு கட்டத்தைப் பார்த்த பிறகு ரவுட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், சிபியு எனும் மையச் செயலியின் சுமையைக் காட்டும் எச்டாப் கருவியை ஓடவிட்டால் நான்கு பட்டைகளும் உச்சத்தை முட்டி நின்றன. ஏன் இவ்வளவு வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 1080பி (1920×1080) படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஆறு கோடிப் புள்ளிகளுக்கு மேல். ஒவ்வொரு ஃபிரேமையும் 33 மில்லி விநாடிக்குள் பிரித்து, நிறம் மாற்றி, திரையின் அளவுக்குச் சுருக்கி, வரைந்து முடிக்க வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அந்த அவகாசமும் பாதியாகிவிடும். இதற்கென்றே கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. அது செய்ய வேண்டியதைச் சிபியு செய்துகொண்டிருந்தால் மின்விசிறி கத்தத்தான் செய்யும்.

இங்கே பலர் செய்வது, இன்னும் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைத் தேடிப் போவது. மேசைச் சூழலை மாற்றுகிறார்கள், ஒரு வாரம் கழித்து வழங்கலையே மாற்றுகிறார்கள். ரேம் குறைவான கணினியில் அதனால் கொஞ்சம் பலன் இருக்கலாம். ஆனால் காணொளியைப் பிரிக்கும் சுமை எந்த மேசைச் சூழலிலும் அதேதான். இந்த அலைச்சலில் மாணவர்கள் வீணாக்கும் நேரத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நான் அடுத்து ஓட்டிப் பார்த்தது ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ. திரையை வரைவது யார் என்பதை அது சொல்லும். ரெண்டரர் என்ற வரியில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கே இருந்தது 'எல்எல்விஎம்பைப்'. கிராஃபிக்ஸ் சிப்பை அடைய முடியாதபோது மெசா நூலகம் சிபியுவையே வைத்து வரைவதற்கு வைத்திருக்கும் மாற்று ஏற்பாடு அது. ஆக, காணொளியைப் பிரிப்பதும் சிபியு, பிரித்ததை வரைவதும் சிபியு. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால்கூட இழுவையாக இருந்ததற்கும், திரைப் பிரகாசத்தைக் கூட்டும் விசை வேலை செய்யாததற்கும் சிப்பை அடைய முடியாததே காரணம்.

சிப் இருந்தும் ஏன் அடைய முடியவில்லை? லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்தக் கட்டளை வரியோடு தொடங்கியது என்பது 'ப்ராக்' கோப்புறைக்குள் 'சிஎம்டிலைன்' என்ற கோப்பில் இருக்கும். அதைத் திறந்தால் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல். நிறுவும்போது திரை கறுப்பாகி நின்றுவிட்டால் அதைத் தாண்டுவதற்காகச் சேர்க்கும் சொல் இது. அந்த நேரத்துக்கு அது சரியான மருந்து. ஆனால் டெபியன் நிறுவி, தொடக்க வரியின் முடிவில் நாம் சேர்க்கும் சொற்களை நிறுவப்பட்ட கணினிக்கும் எடுத்துச் சென்றுவிடும். அந்தச் சொல் இருக்கும்வரை இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 இயக்கி (டிரைவர்) ஏறாது. கணினியை விற்ற கடையில் யாரோ நிறுவித் தந்தது அப்படியே இருந்திருக்கிறது.

இதை நீக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். நேராகக் கோப்பைத் திருத்திவிடக் கூடாது. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டும் வரியைத் திருத்தலாம். அங்கே அந்தச் சொல்லை அழித்து எஃப்10 அழுத்திப் பாருங்கள். திரை ஒழுங்காக வந்தால் மட்டும் 'ஈடிசி' கோப்புறையில் 'டிஃபால்ட்' என்பதற்குள் இருக்கும் 'க்ரப்' கோப்பில் நிரந்தரமாக நீக்கி, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்ட வேண்டும். கறுப்புத் திரை வந்தால் மின்பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பிவிடும். எங்களுக்குத் திரை நன்றாகவே வந்தது. ரெண்டரர் வரியில் இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 4000 என்று பெயர் ஏறியது. பக்கங்கள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன.

காணொளி முன்னைவிடத் தேறியது, ஆனால் 1080பி-யில் இன்னும் ஃபிரேம்கள் விழுந்தன. வரையும் வேலை சிப்புக்குப் போய்விட்டது, பிரிக்கும் வேலை இன்னும் சிபியுவிடமே இருந்தது. இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் பாதி சரியானவுடன் "இந்தக் கணினியால் இவ்வளவுதான் முடியும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

லினக்ஸில் காணொளியைப் பிரிக்கும் வன்பொருளை அழைக்கும் வழிக்கு விஏ-ஏபிஐ என்று பெயர். இன்டெல் உருவாக்கியது, இப்போது ஏஎம்டி சிப்புகளுக்கும் அதே வழிதான். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை விஏஇன்ஃபோ. இந்தக் கணினியில் ஓட்டியபோது பிழைச் செய்தியோடு நின்றது. இயக்கியே நிறுவப்பட்டிருக்கவில்லை. இன்டெலுக்கு இரண்டு இயக்கிகள் உண்டு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையான பிராட்வெல் முதல் பிந்தைய சிப்புகளுக்கு ஐஎச்டி எனப்படும் புதிய இயக்கி. அதற்கு முந்தையவற்றுக்கு ஐ965 என்ற பழைய இயக்கி. ஐவி பிரிட்ஜில் புதியதை நிறுவிவிட்டு வேலை செய்யவில்லையே என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ965-ஐ நிறுவியதும் விஏஇன்ஃபோ நீண்ட பட்டியலைக் கொடுத்தது.

அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் கோடெக்கின் பெயர், வலப்பக்கம் அதை வைத்துச் சிப் என்ன செய்யும் என்பது. 'விஎல்டி' என்று முடிந்தால் பிரிக்கத் தெரியும். 'என்க்ஸ்லைஸ்' என்று முடிந்தால் சுருக்கத் தெரியும். எங்கள் பட்டியலில் எம்பெக்2, எச்.264, விசி1, ஜேபெக் இருந்தன. விபி9 இல்லை, ஏவி1 இல்லை. இருக்கவும் முடியாது. எச்.264 தரம் வெளிவந்தது 2003-இல், விபி9 முழுமை பெற்றது 2013-இல், ஏவி1 வெளிவந்தது 2018-இல். 2012-ஆம் ஆண்டின் சிப்புக்குத் தனக்குப் பின் வந்த கோடெக் எப்படித் தெரியும்?

காணொளித் தளத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே தரத்துக்கு விபி9-க்கு எச்.264-ஐவிடக் குறைந்த தரவு போதும். உலாவியிடம் விபி9 தெரியுமா என்று கேட்கிறார்கள், தெரியும் என்கிறது. மென்பொருளால் பிரிக்கத் தெரியும் என்பதே அந்தப் பதிலின் பொருள். அந்த மென்பொருளை ஓட்டுகிற சிபியு படும் பாடு அந்தப் பதிலில் வருவதில்லை.

ஆகவே உலாவியின் பதிலை மாற்ற வேண்டும். இதற்கென்றே எச்264இஃபை என்ற சிறு நீட்சி இருக்கிறது. விபி9, ஏவி1 இரண்டும் தெரியாது என்று தளத்திடம் அது சொல்லிவிடும். தளம் எச்.264 வடிவத்தை அனுப்பும். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டாம் என்று தடுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. நீட்சி வேண்டாம் என்பவர்கள் ஃபயர்ஃபாக்ஸின் அபௌட்:கான்ஃபிக் பக்கத்தில் ஏவி1 என்றும் விபி9 என்றும் தேடி, மீடியா என்று தொடங்கும் அமைப்புகளை அணைக்கலாம். நான் நீட்சியையே பரிந்துரைப்பேன். நாளைக்கு வேண்டாம் என்றால் ஒரே சொடுக்கில் அகற்றிவிடலாம். கான்ஃபிக் பக்கத்தில் மாற்றியதை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

உலாவி வன்பொருளை அழைக்கவும் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பு முதல் இன்டெல் கிராஃபிக்ஸில் இதைத் தானாகவே செய்கிறது. நடக்கிறதா என்பதை அபௌட்:சப்போர்ட் பக்கத்தில், மீடியா பகுதியில் உள்ள கோடெக் அட்டவணையில் பார்க்கலாம். எச்.264 வரிசையில் மென்பொருள், வன்பொருள் என்ற இரண்டு கட்டங்களிலும் ஆம் என்று இருக்க வேண்டும். இந்தக் கணினியில் வன்பொருள் கட்டம் இல்லை என்றது. கான்ஃபிக் பக்கத்தில் 'ஹார்ட்வேர்-வீடியோ-டிகோடிங்' என்று தேடினால் 'ஃபோர்ஸ் எனேபிள்ட்' என்று முடியும் அமைப்பு வரும். அதை இயக்கி உலாவியை மூடித் திறந்ததும் கட்டம் மாறியது. குரோமியம் வகை உலாவியென்றால் மீடியா-இன்டர்னல்ஸ் பக்கத்தில் காணொளியைப் பிரிக்கும் டிகோடரின் பெயர் வரும். அதில் 'வாப்பி' என்று இருந்தால் வன்பொருள். எஃப்எஃப்எம்பெக் என்றோ விபிஎக்ஸ் என்றோ டேவ்1டி என்றோ இருந்தால் சிபியு.

உலாவி சொல்வதை மட்டும் நம்பி நான் எழுந்துவிடுவதில்லை. இன்டெல்-ஜிபியு-டாப் என்ற கருவியை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டினால் சிப்பின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு உழைக்கிறது என்பது பட்டைகளாகத் தெரியும். அதில் 'வீடியோ' என்ற வரி ஒன்று உண்டு. அதுவரை சுழியத்தில் செத்துக் கிடந்த அந்தப் பட்டை, விரிவுரையை மறுபடி ஓட்டியதும் எழுந்தது. பக்கத்தில் எச்டாப்பின் நான்கு பட்டைகளும் கால்வாசிக்குக் கீழே இறங்கின. கைவிடப்பட்ட ஃபிரேம் எண்ணிக்கை அசையாமல் நின்றது. சில நிமிடங்களில் மின்விசிறியின் சத்தமும் அடங்கியது. அக்கா மகன் திரையை விட்டு விசிறியைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. எச்.264-க்குத் தரவு கூடுதலாகச் செலவாகும். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் கைப்பேசி இணைப்பில் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. தவிர யூடியூப்பில் 1080பி-க்கு மேற்பட்ட தரம் எச்.264-இல் கிடைப்பதில்லை. ஆனால் இந்தத் திரையின் உயரமே 768 புள்ளிகள். 1080பி-யை வரவழைத்து, பிரித்து, மறுபடி சுருக்கிக் காட்டுவதில் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. 720பி-யில் புள்ளிகள் பாதிக்கும் குறைவு, தரவும் அதற்கேற்பக் குறையும். கரும்பலகை எழுத்து 720பி-யில் தெளிவாகத் தெரிகிறது. 480பி-யில் அடுக்குக் குறிகள் மங்கிவிடுகின்றன. மாணவர்களுக்கு நான் சொல்வது 720பி, 30 ஃபிரேம், எச்.264. இந்த மூன்றும் சேர்ந்தால் 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளைப் போன்ற பழையவற்றில்கூட நல்ல பலனை எதிர்பார்க்கலாம். அந்தக் காலத்துச் சிப்புகளில் பெரும்பாலானவை எச்.264 அறிந்தவை.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலில் இருப்பவர்கள் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும். காப்புரிமைக் காரணங்களால் 2022 முதல் அதன் மெசா பேக்கேஜில் எச்.264-க்கான வன்பொருள் வசதி நீக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து மாற்றுப் பேக்கேஜை நிறுவ வேண்டும். லினக்ஸ் அல்லாத இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் கிராஃபிக்ஸ் இயக்கி தனிப் பேக்கேஜாக வருகிறது. டிஆர்எம்-கேமாட் நிறுவி, தொடக்கத்தில் ஐ915கேஎம்எஸ் ஏறும்படி எழுதி, பயனரை 'வீடியோ' குழுவில் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எல்எல்விஎம்பைப்தான் வந்து நிற்கும்.

வெப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருளைத் துருவுகிறவர்கள் இதைக் கடைசிவரை பார்ப்பதில்லை. காணொளி நன்றாகத் தொடங்கி, கால் மணி நேரம் போனதும் திக்கத் தொடங்கினால் அது கோடெக் நோய் அல்ல. சூடு. சென்சார்ஸ் கட்டளை வெப்பநிலையைச் சொல்லும். சிபியுவின் அப்போதைய வேகத்தை எச்டாப்பிலேயே காட்டச் செய்யலாம். 3320எம் சிப்பின் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ். வெப்பம் 90 டிகிரியை நெருங்கும் நேரத்தில் வேகம் 1.2-க்கு விழுந்து கிடந்தால், கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். பத்தாண்டு பழைய மடிக்கணினியைத் திறந்தால் விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையில் தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். அதை எடுத்து, காய்ந்து உதிரும் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். சார்ஜரையும் பார்க்க வேண்டும். சில மடிக்கணினிகள் தமக்குப் பழக்கமில்லாத சார்ஜரைச் செருகினால் சிபியுவை மிகக் குறைந்த வேகத்திலேயே பூட்டி வைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு உலாவியே பாரமாக இருக்கும் கணினிகளும் உண்டு. அவற்றுக்கு எம்பிவி என்ற காணொளி பிளேயர். தளத்திலிருந்து காணொளியை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி கருவியும் உடன் இருந்தால் காணொளியின் முகவரியைக் கொடுத்தால் போதும், உலாவியின் சுமை இல்லாமல் தனிச் சாளரத்தில் ஓடும். எம்பிவி இயல்பாக வன்பொருளை அழைக்காது. ஓடும்போது கன்ட்ரோலோடு எச் விசையை அழுத்தினால் அது இயங்கும். ஆங்கில ஐ (i) விசையை அழுத்தினால் எந்தக் கோடெக், வன்பொருளா, எத்தனை ஃபிரேம் விழுந்தது என்று எல்லாமே திரையில் வரும். நிலைப்பதிப்புக் களஞ்சியங்களில் இருக்கும் ஒய்டி-டிஎல்பி சீக்கிரம் பழையதாகிவிடும். அதை மட்டும் பைதான் நிரல்களை நிறுவும் பிப்எக்ஸ் வழியாக நிறுவிப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

படத்தின் குறுக்கே வெட்டுக்கோடு தெரிந்து மேல்பாதியும் கீழ்பாதியும் விலகினால் அது மெதுவாக ஓடுவதன் அறிகுறி அல்ல. சாளர மேலாளர் திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போகாததால் வருவது, எக்ஸ்எஃப்சிஇ-யில் கம்போசிட்டர் அமைப்பில் சரிசெய்யலாம். நான்கு ஜிபி ரேமும் சுழல்வட்டும் உள்ள கணினியில் எல்லாமே சேர்ந்து உறைந்தால் ஃப்ரீ கட்டளையில், ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்பின் வரியைப் பாருங்கள். அது நிரம்பியிருந்தால் கோடெக்கை மாற்றுவதால் பயனில்லை, தாவல்களை மூட வேண்டும் அல்லது ரேம் சேர்க்க வேண்டும். முன்சேமிப்பு விநாடிகள் உண்மையிலேயே சுழியத்துக்கு இறங்கினால் மட்டும் ரவுட்டர் பக்கம் போகலாம். அப்போதும் முதலில் வைஃபையின் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்.

பழைய கணினி வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ ஐ5 என்று மட்டும் சொல்லி விற்பார்கள். அதற்குப் பின் வரும் எண்ணைக் கேளுங்கள். 6200யூ என்றால் ஆறாம் தலைமுறை, 7200யூ என்றால் ஏழாம் தலைமுறை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் விபி9-ஐ முழுவதும் வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 வேண்டும் என்றால் பதினொன்றாம் தலைமுறை வரை போக வேண்டும். முடிந்தால் லினக்ஸும் இன்டெலின் இரண்டு இயக்கிகளும் விஏஇன்ஃபோவும் நிறுவிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, பட்டியலில் விபி9 வரியின் முடிவில் விஎல்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.